அடைபட்ட ஆகாசம்

ஆம்பூரில் தோல் வர்த்தகம் செய்யும் நண்பர் ஒருவர், தம் காரின் டிக்கியில் அமையும்படி சப்வூஃபர் பெட்டி ஒன்றைச் செய்து தரக்கூடிய கைதேர்ந்த மனிதரைத் தேடி வேலூருக்கும் வாணியம்பாடிக்குமாக அலைந்தபோது, துணையாகச் சென்ற எனக்கு, நெடுநாளாக உள்ளத்தில் கிடந்த ஒரு வினா மறுபடியும் எழுந்தது: ஆன்மாவுக்கு வாய்த்த எல்லைகளெல்லாம் பந்தந்தானா?

செய்து அடுக்கிவைத்த பெட்டிகளைக் காட்டினவர்கள் பலர். எந்த ஸ்பீக்கர், அதனுடன் வந்த அளவுக் காகிதம் இருக்கிறதா, டிக்கியில் எவ்வளவு இடம் விடலாம் என்று முதலில் கேட்டவர் ஒருவரே; அவர், தோல் பதனிடும் சாலைகளில் சுழலும் பெரிய மர டிரம்களைப் பழுதுபார்த்துப் பழகிய ஆம்பூர் ஆசாரி. “அங்கே தண்ணி கசியக் கூடாது, இங்கே காத்து கசியக் கூடாதுங்க” என்றார்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்புறம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறம் இழுக்கிறது. வினாடிக்கு 34 அதிர்வுள்ள மந்தர ஸ்வரத்தின் அலைநீளம் ஏறக்குறைய 10 மீட்டர் ஆதலால், பெட்டியின்றி அதை ஒலிக்கச் செய்தால் பின்னெழும் அலை விளிம்பைச் சுற்றி வந்து முன்னெழும் அலையை விழுங்கிவிட, முழங்க வேண்டிய கருவி வெறுமனே துடித்துக்கொண்டிருக்கிறது. 18 மில்லிமீட்டர் பலகையால் பின்புறத்தை அடைத்த பிறகே நாதம் பிறக்கிறது. அடைப்பதிலும் கணக்குண்டு: இடம் குறுகினால் உள்ளிருக்கும் காற்று விறைத்துக் கூம்பை ஒடுக்கும், மிகுந்தால் பிடிப்பின்றித் தளரும். ஸ்பீக்கரின் இயல்பிலிருந்தே பெட்டியைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் வகுக்க, ரிச்சர்டு ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரித்துரைத்தார்.

சப்தம் ஆகாசத்தின் குணம் என்பது நியாய வைசேஷிகர் கொள்கை. ஆகாசம் சர்வவியாபகமானது, ஆயினும் செவித்துளையால் வரையறுக்கப்பட்ட ஆகாசமே கேட்கும் இந்திரியம் என்று அவர்கள் துணிந்தார்கள். எங்கும் நிறைந்த ஒன்று ஒரு சிறு துளைக்குள் அடைபட்டாலன்றிக் கேட்க மாட்டாது என்னும் அந்த முடிவு என்னை எப்போதும் வியக்கச் செய்வது. அத்வைதிகள் குடத்துள் இருக்கும் ஆகாசத்தைக் காட்டி, குடம் என்னும் உபாதி, அதாவது வரம்பு, நீங்கினால் குடாகாசமும் மகாகாசமும் ஒன்றே என்பர். அதை மறுக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் குடம் இருக்கும் காலத்தில் அதனால் ஆவது என்ன என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தமே எனக்கு நிறைவான விடை தருகிறது: ஆணவ இருளில் செயலற்றுக் கிடந்த உயிருக்கு, மாயையினின்றும் உடம்பு, கருவி, உலகு, நுகர்வு என்னும் தனு கரண புவன போகங்களை இறைவன் ஆக்கித் தந்தது அடைத்து வைப்பதற்கன்று, அறியவும் செய்யவும் வல்லதாக்குவதற்கே. உடம்பைச் சிறையென்று பழிக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம், பெட்டியின்றி ஓசையற்றுத் துடித்த அந்தக் கூம்பு இனி என் நினைவுக்கு வரும். சீடனுடைய பக்குவத்தை அளந்தறியாமல் எல்லோருக்கும் ஒரே நியமத்தை விதிக்கும் குருவும், ஆயத்தப் பெட்டியை நீட்டும் கடைக்காரரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

பலகைகளைப் பசையிட்டுத் திருகி முடித்த ஆசாரி, ஸ்பீக்கரை உடனே பொருத்தவில்லை; வெறும் பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் அதிர்ந்தது. “பலகை பேசக் கூடாதுங்க” என்று சொல்லி, நண்பர் அவசரப்படுத்தியும் கேளாமல், உள்ளே குறுக்காகக் கொடுக்க ஒரு கட்டையை அறுக்கத் தொடங்கினார்.