சுமப்பவர்களின் நாடி

குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்ததும் மனிதன் முதலில் மறப்பது தன் எடையைத்தான். தரையில் நின்றபோது முழங்காலை வலிக்க வைத்த அதே உடம்பு, சேணத்தில் அமர்ந்த நொடியே இல்லாமல் போய்விடுகிறது. மேடு வந்தால் மூச்சு வாங்குவதில்லை. பள்ளம் வந்தால் கால் தடுமாறுவதில்லை. ஆனால் அந்த எடை எங்கும் போய்விடவில்லை. வேறோர் உயிரின் முதுகுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதை வழி முழுக்க நினைவில் வைத்திருப்பதுதான் சவாரியில் கடினமான பாடம். கடிவாளம் பிடிக்க அதைவிடச் சீக்கிரம் பழகிவிடலாம்.

நான் குதிரையேறக் கற்றது கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில். தங்க வேட்டைக்காலத்தில் சுரங்கக்காரர்கள் நடந்த தடங்களில் இன்று குதிரைகள் போகின்றன. ஓக் மரங்கள், சிவந்த மண், ஆழத்தில் அமெரிக்கன் ஆறு. வார இறுதியானால் குதிரைகளை ஏற்றிய டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு பிக்கப் லாரிகள் வந்து நிற்கும். அரசுப் பூங்கா நிலங்களில் நாயைக் கயிற்றில்தான் கட்டி நடத்த வேண்டும். அதனால் நாய்களோடு போக நினைப்பவர்கள், தெரிந்தவர்களின் பண்ணை நிலத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு போவார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் போகும்போது நானும் சேர்ந்துகொள்வேன்.

இந்தச் சவாரிக்கென்று எழுதாத சட்டங்கள் சில உண்டு. ஒற்றை வரிசையில் போக வேண்டும். முன்னால் போகும் குதிரைக்கும் நமக்கும் இடையே ஒரு குதிரை நிற்கும் அளவுக்கு இடம் விட வேண்டும். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை, நெருங்காதே என்று பொருள். திறந்திருந்த வாயிற்கதவைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்ல வேண்டும். கூட்டத்திலேயே அனுபவம் குறைந்தவர் எந்த வேகத்தில் வர முடியுமோ, அதுதான் எல்லோருக்கும் வேகம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஓடைக்கரைச் சட்டம். கடைசிக் குதிரை தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ஒருவரும் நகரக் கூடாது. முதலில் இதை மரியாதை என்றே நினைத்தேன். காரணம் வேறு. குதிரை மந்தையாக வாழும் விலங்கு. மற்றவை கிளம்புவதைப் பார்த்தால், எவ்வளவு தாகம் இருந்தாலும் வாயை எடுத்துவிட்டு அவற்றின் பின்னால் போகும். தாகத்தைவிடப் பின்தங்கிவிடும் பயம் அதற்குப் பெரிது. அரை வயிற்றுத் தண்ணீரோடு அது மலை ஏறுவது மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. குதிரையும் சொல்லாது.

நாய் இதில் இன்னும் ஒரு படி மேல். இங்கே பண்ணைகளில் அதிகம் காண்பது ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இனம். பெயரில்தான் ஆஸ்திரேலியா, அதை வளர்த்து உருவாக்கியது அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பண்ணைகள். மந்தை மேய்க்கப் பிறந்த நாய் என்பதால் குதிரைகள் வரிசையாகப் போவதைப் பார்த்ததும் அதற்குப் பொறுப்பு வந்துவிடும். முன்னால் ஓடிப் பார்க்கும், பின்னால் வந்து கடைசி ஆளை எண்ணிக்கொள்ளும், மறுபடி முன்னால் ஓடும். நாம் போகும் தூரத்தைவிடப் பல மடங்கு அது ஓடித் தீர்க்கிறது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. அந்த இடத்தில் ஓடும் நாய் உதை வாங்கும். ஆகவே குதிரை பார்க்கும் இடத்திலேயே ஓட அதைப் பழக்குகிறார்கள். அது கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ளாத ஒன்று, போதும் என்று நிற்பது.

மனிதனுக்கும் குதிரைக்கும் உடம்பெங்கும் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி சூட்டைத் தணிக்க நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் வழி. இந்த அடிவாரத்தில் கோடையில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். அந்த வெயிலிலும் குதிரைகள் ஓடினால் நாயும் ஓடும். சுருண்டு விழும்வரை ஓடும். வால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். வாலை நம்பி முடிவெடுப்பவர் நாயை இழப்பார். விவரம் தெரிந்தவர்கள் நாக்கின் நிறத்தைப் பார்க்கிறார்கள், நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுகிறார்கள், பாதத்தைத் தூக்கி விரல் இடுக்கில் புல்லின் முள்விதை ஏறியிருக்கிறதா என்று தடவுகிறார்கள். வெயில் அதிகமான நாளில், அது எவ்வளவு கெஞ்சினாலும், வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

குதிரை களைப்பை மறைப்பதற்கு அதன் பிறவியே காரணம் என்பார்கள். புலியும் ஓநாயும் மந்தையில் தேடுவது நொண்டுவதைத்தான். வலியைக் காட்டிக்கொண்ட குதிரை பிழைத்திருக்காது. நாயின் காரணம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கூட்டத்தோடு இருப்பதுதான் அதற்கு வாழ்க்கை. பின்தங்கினால் கூட்டம் போய்விடும். ஒன்று பயத்தால் மறைக்கிறது, மற்றொன்று பாசத்தால் மறைக்கிறது. மேலே இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன: எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று.

தமிழ்க் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குக் குதிரையும் நாயும் சேர்ந்து போகும் காட்சி புதிதல்ல. ஐயனார் கோயிலில் பார்த்திருக்கிறோம். இரவில் சாமி குதிரையேறி ஊர் எல்லையைச் சுற்றி வரும், கருப்பசாமியின் நாய் கூடவே போகும் என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். நேர்ந்துகொண்டவர்கள் செய்துவைத்த மண் குதிரைகள், முன்னங்காலைத் தூக்கியபடி வெயிலிலும் மழையிலும் நிற்கும். அவற்றுக்கு மூச்சு வாங்காது. சாமியைச் சுமக்கும் குதிரைக்குக் களைப்பு உண்டா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. காவல் காப்பவருக்கும் சுமப்பவருக்கும் ஓய்வு தேவைப்படும் என்ற எண்ணமே நம் கற்பனையில் கொஞ்சம் குறைவுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அந்த எண்ணத்தையே சட்டமாக வைத்திருக்கும் குதிரைப் பயணம் ஒன்று இந்த மலையடிவாரத்து ஆபர்ன் நகரில் முடிகிறது. டெவிஸ் கோப்பை என்று பெயர். 1955இல் வெண்டல் ராபி என்பவர் தொடங்கிவைத்தது. டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து மலையைக் கடந்து 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர், 24 மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். விடியற்காலை 5:15க்குக் கிளம்புகிறார்கள். பகலில் பள்ளத்தாக்குகளின் அனல், இரவில் செங்குத்தான சரிவை ஒட்டிய குறுகிய தடம். நிலவு வெளிச்சம் இருக்கட்டும் என்று பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பார்த்து வைப்பது வழக்கம். பெரும்பாலான ஆண்டுகளில் கிளம்பியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரால்தான் முடிக்க முடிகிறது.

என்னைக் கவர்ந்தது தூரமல்ல, வழியில் இருக்கும் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் கால்நடை மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் குதிரையின் இதயம், ஏற்றத்தில் பல மடங்கு வேகமெடுக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அது 60 அல்லது 64க்கு இறங்க வேண்டும். இறங்காத குதிரைக்கு அத்தோடு பயணம் முடிந்தது. தோலைக் கிள்ளி விட்டு எவ்வளவு விரைவில் படிகிறது என்று பார்ப்பார்கள். தாமதமானால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. ஈறை அழுத்தி, வெளுத்த இடத்தில் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் குடல் ஓசை கேட்பார்கள். கடைசியில் கையில் பிடித்துச் சிறிது தூரம் ஓடவிட்டு, நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: முடிவு சவாரிக்காரரிடம் விடப்படுவதில்லை. அவர் குதிரையைப் பிள்ளைபோல வளர்த்தவராக இருக்கலாம். ஆனாலும் போய்ச்சேர வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைக்கும் என்பதை அந்த விதிகள் ஒப்புக்கொள்கின்றன. சுமக்கப்படுபவன் சுமப்பவரின் நிலைக்குச் சரியான சாட்சி அல்ல. சாட்சி சொல்ல மூன்றாம் ஆள் வேண்டும். இறுதிக் கோட்டைத் தாண்டிய பிறகும் சோதனை உண்டு. இன்னும் தொடர்ந்து போகும் தெம்பு குதிரைக்கு இருந்தால்தான் பயணம் முடித்ததாகக் கணக்கு. தெம்பில்லையென்றால் நூறு மைல் கடந்ததும் கணக்கில் வராது.

முதலில் வந்தவருக்கு டெவிஸ் கோப்பை. அதற்கு நிகராகக் குதிரைக்காரர்கள் மதிப்பது ஹேகின் கோப்பையை. முதல் பத்து இடங்களுக்குள் வந்த குதிரைகளில் மிக நல்ல உடல்நிலையில் இருப்பதற்கு அது. அதற்கான தேர்வு மறுநாள் காலையில் நடக்கிறது. ஓட்டத்தின் சூடு அடங்கி, தசைகள் இறுகி, உண்மை வெளிப்படும் நேரம் அது. வெற்றியை அன்றைக்கே அளக்கலாம். அந்த வெற்றிக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது மறுநாள் காலையில்தான் தெரியும்.

1973இல் இந்தப் பயணத்தில் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை வழியில் நொண்டியது. அவர் விலக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அவர் குதிரையில்லாமல் வந்தார். குதிரைகளோடு குதிரையாகத் தன் கால்களாலேயே நூறு மைலையும் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் சேர்ந்தார். இன்று உலகெங்கும் ஓட்டக்காரர்கள் கனவு காணும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டம் அதிலிருந்து பிறந்ததுதான். அவர் ஏன் ஓடினார் என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கலாம். எனக்குத் தோன்றுவது இது: ஏறிப்போன பாதையை ஒருமுறையாவது தன் காலால் அளந்தவனுக்குத்தான் அதன் நீளம் தெரியும். நல்ல சவாரிக்காரர்கள் செங்குத்தான இறக்கத்தில் இறங்கிக் குதிரையோடு நடப்பது அதன் சுமையைக் குறைக்கத்தான்; அப்போது வழியின் நீளம் அவர்களுக்கும் தெரிகிறது.

குதிரையேறுவதே அநியாயம், அதன் சம்மதத்தை யார் கேட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் யார் முதுகிலும் ஏறாமல் வாழ்ந்தவர் என்று ஒருவரும் இல்லை என்பது தெரியும். அமெரிக்காவில் தமிழர் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். மகளின் பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருப்பார். ஆறு மாதம் பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், இரவில் தாலாட்டு. மகள் வேலைக்குத் திரும்புவாள், பதவி உயர்வும் வரும். "கொஞ்சம் படுங்கம்மா" என்றால், "எனக்கென்ன கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ போய் வேலையைப் பாரு" என்பார். அது ஆடும் வால். படியேறும்போது கைப்பிடியை இறுகப் பற்றும் விரல்களை யாராவது பார்க்க வேண்டும்.

அலுவலகத்திலும் இதே கதைதான். குறித்த நாளில் முடிந்த திட்டத்துக்குக் கேக் வெட்டுகிறோம். அதை இழுத்து வந்தவர் அடுத்த வாரம் மருத்துவமனையில் இருந்தால், அது வேறு கணக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். குதிரைப் பயணத்தின் சட்டப்படி பார்த்தால் அந்தத் திட்டம் முடிக்கப்படவே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வாழ்க்கையில் பெரிய காரியம் ஒன்று நல்லபடி முடிந்த மறுநாள் காலையில், அதைச் சுமந்து வந்தவர் யாரோ அவரிடம் போங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். அவர் எழுந்து நடப்பதைப் பாருங்கள், தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று பாருங்கள். உங்கள் கண்ணை நம்ப முடியவில்லையென்றால் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் தெம்போடு இருந்தால் நீங்கள் ஜெயித்திருக்கிறீர்கள். இல்லையென்றால், அடுத்த காரியம் எவ்வளவு அவசரமானாலும் காத்திருக்கட்டும்.