அந்த ‘ஸ்நாப்’ சத்தம்

நான் முதலில் படித்த ஸ்பைடர், ஸ்பைடர்மேன் கிடையாது. பழைய புத்தகக் கடையில் அள்ளிய லயன் காமிக்ஸில் வந்த பிரிட்டிஷ் ஸ்பைடர். குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக ஆசைப்பட்டு, பிறகு கட்சி மாறி அவர்களையே வேட்டையாடியவன். உண்மையிலேயே திருந்தினானா என்று பத்து வயதில் நான் யோசித்ததே இல்லை. ஆள் கில்லாடி, திமிராகப் பேசுவான், அது போதும்.

ஸ்பைடர்மேனைப் பிடித்துப்போனது கல்லூரியில். ஏன் பிடிக்கும் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது, “அவன் நம்மள மாதிரி. காசு இல்ல, லேட்டா வருவான், சொதப்புவான்.” எனக்கு இது பாதி பதிலாகத்தான் படுகிறது. நம்மைப் போலவே சொதப்புகிற எத்தனையோ பேரை நமக்குப் பிடிப்பதில்லை. தப்பு செய்வது மட்டுமே ஒருவனைப் பிடித்தமானவனாக ஆக்கிவிடாது. மீதிப் பாதிக்கு 1973-ல் வந்த 121ஆம் இதழுக்குப் போக வேண்டும். எழுதியவர் ஜெர்ரி கான்வே, வரைந்தவர் கில் கேன்.

கிரீன் காப்ளின், பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறான். வலை அவள் காலைப் பிடித்துவிடுகிறது. அவள் கழுத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு சத்தம்: ஸ்நாப். அவனுக்கு அது கேட்கவில்லை. காப்பாற்றிவிட்டோம் என்ற குஷியில் தன்னையே மெச்சிக்கொண்டு அவளை மேலே இழுக்கிறான். கைக்கு வந்த பிறகுதான் அவள் இறந்துவிட்டாள் என்று தெரிகிறது.

ஃபிசிக்ஸ் எளிமையானது. தொண்ணூறு மீட்டர் விழுந்தால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், வேகம் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். அந்த வேகத்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. அப்படியானால் கொன்றது யார்? தள்ளியவனா, பிடித்தவனா?

தள்ளியவன்தான். இதில் எனக்குக் குழப்பமில்லை. பிடிக்காமல் விட்டிருந்தாலும் அவள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், பீட்டரின் இடத்தில் நின்று “என் மேல தப்பில்ல” என்று சொல்லிப் பாருங்கள். சொல்வது சரியாக இருக்கும். வாய் வராது.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். ஒரு லாரி டிரைவர். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் லாரியில் ஒரு குழந்தை அடிபட்டு இறந்துவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் “நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க” என்று தேற்றுவார்கள். தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் உடனே “ஆமாம்ல” என்று வண்டியைக் கிளப்பிவிட்டால் நமக்கு என்னவோ செய்யும். குற்றம் இல்லாத இடத்திலும், ‘இது என் கையால் நடந்தது’ என்று ஒன்று மிச்சமிருக்கிறது.

இது எனக்குப் புத்தக விஷயமாக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன், டெலிவரி ஆட்களுக்கு வாரக் கூலி அனுப்பும் சாஃப்ட்வேரில் வேலை பார்த்தேன். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு போன். சிலருக்கு இரண்டு தடவை பணம் போய்க்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து பத்து நிமிடத்தில் நிறுத்தினேன். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. க்ரூப்பில் “முடிஞ்சது” என்று போட்டேன். கைதட்டல் எமோஜிகள் வந்தன. நான் அவசரத்தில் நிறுத்திய விதத்தில், வரிசையில் காத்திருந்த கொஞ்சம் பேருக்குப் பணம் போகாமலே ‘அனுப்பப்பட்டது’ என்று பதிவாகிவிட்டது. அது எங்களுக்குத் தெரிய மூன்று நாளானது. நடுவில் தீபாவளி வந்து போய்விட்டது.

கஸ்டமர் கேர் பதிவுகளில் ஒரு குரல் கேட்டேன். கோபமே இல்லை. “சார், என் பேர் லிஸ்ட்ல இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.” இருந்தது. அதுதான் பிரச்சினையே.

எங்கள் துறையில் இதற்குப் பிறகு ஒரு அறிக்கை எழுதுவோம். யார் பெயரும் இருக்காது. எது உடைந்தது, ஏன் உடைந்தது, இனி எப்படித் தடுப்பது என்பது மட்டும். நல்ல பழக்கம். பெயர் போட்டுத் திட்ட ஆரம்பித்தால் அடுத்த முறை எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். என் அறிக்கையும் அப்படித்தான் முடிந்தது. ‘நிறுத்தும்போது நிலையைச் சரிபார்க்கும் வசதி இல்லை.’ முழு உண்மை. ஆனால், அந்த வாக்கியத்தில் நானும் இல்லை, அவரும் இல்லை.

பீட்டரை எனக்கு ஏன் பிடிக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவன் அப்படியொரு வாக்கியத்துக்குப் பின்னால் போய் நிற்பதில்லை. ‘நல்லதுக்குத்தானே செய்தேன்’ என்பதை வைத்துக் கணக்கை மூடுவதும் இல்லை.

அதற்காக அவன் செய்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. 122ஆம் இதழில் காப்ளினைக் கொன்றே விடுவான் போல அடித்து, கடைசி நொடியில் நிறுத்துகிறான். அதன் பிறகு ஆறுதல் சொல்ல வந்த மேரி ஜேனிடம், உனக்கெல்லாம் யார் செத்தால் என்ன என்கிற மாதிரி எரிந்து விழுகிறான். குற்றவுணர்ச்சிக்கு இப்படி ஒரு குணம் உண்டு: உலகத்தில் என் வலி மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்க வைத்துவிடும். இறந்தது க்வென், ஆனால் பேச்செல்லாம் பீட்டரைப் பற்றி. மேரி ஜேன் கதவுவரை போகிறாள். வெளியே போகாமல், உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்துகிறாள். அந்த இரண்டு இதழ்களிலும் யாரும் செய்யாத பெரிய காரியம் அது என்று எனக்குத் தோன்றும். சக்தி எதுவும் தேவைப்படாத காரியம்.

நான் பல நாள் தூங்கவில்லை, நண்பர்களிடம் புலம்பினேன், இப்போது கட்டுரையும் எழுதிவிட்டேன். அந்த மனிதரின் நம்பர் புகார்ப் பதிவிலேயே இருந்தது. பணம் நாலாவது நாள் போய்ச் சேர்ந்தது. நான் மட்டும் கூப்பிடவில்லை. கம்பெனி விதி அனுமதிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுமதிக்குமா என்று மேனேஜரிடம் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.