கைதிக்கு வரும் வசைக்கடிதம்

1982-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள டார்வின் நகரத்து நீதிமன்றத்தில், லிண்டி சேம்பர்லைன் என்னும் பெண்மணி தாம் பெற்ற ஒன்பது வாரக் குழந்தையைத் தாமே கொன்றார் என்று ஜூரர்கள் தீர்மானிக்க, அப்போது கருவுற்றிருந்த அவருக்குக் கடின உழைப்புடன் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உளுரு என்னும் பெரும்பாறையின் அருகே போட்டிருந்த கூடாரத்திலிருந்து குழந்தையை டிங்கோ என்ற காட்டுநாய் கவ்விக்கொண்டு போயிற்று என்று அவர் ஆதிமுதல் சொல்லி வந்ததைப் பலர் நம்பவில்லை. பிறர் காண அவர் அழவில்லை என்பதையே குற்றத்துக்கு அத்தாட்சியாகக் கொண்டார்கள். அவருடைய குடும்பம் சார்ந்திருந்த கிறிஸ்தவப் பிரிவில் சிசுபலி உண்டென்று வாய் கூசாமல் வதந்தி பரப்பினார்கள். பல ஆண்டுகளில் அவருக்கு வந்து குவிந்த கடிதங்கள் 20,000-க்கும் மேல். அவற்றுள் அனுதாபமும் பிரார்த்தனையும் நிறைந்தவை ஏராளம். நெஞ்சு பதறச் செய்யும் நிந்தைகளும் இருந்தன.

சிறையில் இருப்பவருக்கு இத்தகைய நிந்தைக் கடிதம் வருமானால், அதிகாரிகள் அதை அவர் கையில் கொடுப்பதா, தடுத்து வைப்பதா என்பது மேலோட்டமாகப் பார்ப்போருக்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். வெளியில் வாழ்பவர் ஒரு வசைக்கடிதத்தைக் கிழித்தெறியலாம். நண்பரிடம் சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். எல்லை மீறினால் ஊரை விட்டே பெயர்ந்து போகலாம். கைதியின் விலாசமோ நாடறிந்தது. அதை மாற்றிக்கொள்ள அவரால் ஆகாது. மாலையில் கதவு பூட்டப்பட்ட பின் விடியும்வரை அந்தச் சொற்களோடு அவர் தனித்திருக்க வேண்டும். எழுத்தறியாத கைதியாயின் அவருடைய நிலை இன்னும் பரிதாபமானது; கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி சக கைதி ஒருவரை அவர் வேண்ட, அதிலுள்ள குற்ற விவரம் கொட்டடி முழுவதும் பரவிவிடுகிறது. குழந்தைகளுக்குத் தீங்கிழைத்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களை மற்றக் கைதிகளே அடித்து நொறுக்குவது எந்தத் தேசத்துச் சிறைக்கும் புதிதன்று.

“குற்றம் செய்தவன் கேட்க வேண்டியதைத்தானே கேட்கிறான்?” என்று ஆக்ஷேபிப்போர் உண்டு. இதற்கு விடையாகச் சேம்பர்லைன் வழக்கின் முடிவை எடுத்துக் காட்டுவது சுலபம். 1986-இல் அக்குழந்தையின் மேலங்கி உளுருவின் அருகே கண்டெடுக்கப்பட்டது, தாய் விடுதலையானார், 1988-இல் தீர்ப்பு ரத்தாயிற்று, குழந்தையின் மரணத்துக்குக் காரணம் டிங்கோவே என்று 2012-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். ஆனால் நிரபராதியை வைதுவிடக்கூடும் என்ற அச்சத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எழும் அறம், குற்றம் ஐயமற நிரூபணமானவர் முன் நிற்கும்போது வலுவிழந்து போகும். ஆகவே உண்மையாகவே கொடுமை செய்தவரையே மனத்தில் கொண்டு இந்த வினாவை ஆராய்வது நேர்மை.

அவருக்கு இத்தனை ஆண்டு என்று அளந்து தண்டனை விதிப்பது, சாட்சியம் கேட்டு, எதிர்வாதமும் கேட்டு முடித்த நீதிமன்றம். அந்த அளவுக்கு மேல் ஒரு நாள் கூட்டவும் சிறை அதிகாரிக்கு உரிமையில்லை. அப்படியிருக்க, முகமறியாத ஒருவர் ஓர் அஞ்சல் தலையின் செலவில் தம் பங்குக்கு ஒரு தண்டனையை விதிக்க, அரசாங்கமே அதை ஏவலாள்போல் சுமந்து சென்று கைதியிடம் சேர்ப்பிக்குமானால், நீதிமன்றம் அளந்த அளவுக்கு அர்த்தம் என்ன? வசையைக் கேட்டுக் கைதி மனம் திருந்துவார் என்பதும் பொய்யான நம்பிக்கையே. தன் செயலின் கோரத்தைத் தானே எண்ணிப் பார்க்க வேண்டியவருக்கு, தன்னைத் துன்புறுத்தப்பட்டவராகக் கருதிக்கொள்ள அது ஒரு நியாயத்தை வலியச் சென்று வழங்குகிறது.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகே உண்மையான தர்மசங்கடம் தொடங்குகிறது. கடிதத்தைத் தடுக்கும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது? சிறையதிகாரிகள் அந்த அதிகாரத்தை எப்படிப் பிரயோகித்தார்கள் என்பதற்குச் சரித்திரம் நல்ல சாட்சி சொல்லவில்லை. கைதிகள் அளவுக்கு மீறிக் குறை கூறும் கடிதங்களையும், மனக்குறைகளைப் பெரிதுபடுத்தும் கடிதங்களையும் கலிபோர்னியா மாநிலத்துச் சிறை விதிகள் விலக்கி வைத்திருந்தன. 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்விதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தபோது, கடிதத் தணிக்கை கைதியை மட்டுமின்றி வெளியிலுள்ள மனிதரின் பேச்சுரிமையையும் பாதிக்கிறது என்பதைச் சுட்டிக் காட்டியது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவுக்கு ஆரம்ப காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதமே அனுமதிக்கப்பட்டது. அந்த ஒன்றிலும் தணிக்கையாளர் வரிகளை வெட்டி எடுத்தனர். கருணையின் பெயரால் இன்று வசைக்கடிதத்தைத் தடுக்கக் கற்ற கை, நாளை மனைவியின் கடிதத்தையும் வழக்கறிஞரின் கடிதத்தையும் தடுக்காது என்று உறுதி கூற எவராலும் முடியாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழி, முடிவு செய்யும் உரிமையை அதிகாரியிடமிருந்து எடுத்துக் கைதியிடமே ஒப்படைப்பதில் இருக்கிறது. ஆபாசமென்று தாம் கருதும் விளம்பரத் தபால் தம் வீட்டுக்கு வராமல் தடுக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று அதே உச்ச நீதிமன்றம் 1970-இல் ஒப்புக்கொண்டது. எழுதுபவருக்கு எழுத உரிமை உண்டு. விரும்பாதவர் அதைப் படித்தே தீர வேண்டுமென்று வற்புறுத்த உரிமையில்லை. வீட்டிலிருப்பவருக்குள்ள இந்தச் சாதாரண உரிமையைச் சிறைச் சுவர் பறித்துக்கொள்ள ஒரு நியாயமும் காணோம். எப்படியும் கள்ளப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கச் சிறையில் உறைகள் பிரிக்கப்படுகின்றன. அப்போது வசைக்கடிதமென்று தெரிந்தால் அதைத் தனியே எடுத்துவைத்து, பதிவேட்டில் குறித்து, இன்ன தன்மையதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது, வேண்டுமா என்று கைதியைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றாலும் பின்னர் மனம் மாறிக் கேட்டால் கொடுக்க வேண்டும். கொலை மிரட்டல் இருந்தால் போலீசாரிடம் போக வேண்டும். சிறைக்கு வந்த புதிதில் உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம் மிகுதியாதலால், அந்த நாட்களில் மட்டும், மருத்துவர் எழுத்துமூலம் கூறுகிற தவணை வரையில், கேட்காமலே நிறுத்தி வைப்பதை மன்னிக்கலாம்.

எக்காரணம் கொண்டும் எரித்துவிடக் கூடாது. சேம்பர்லைனுக்கு வந்த கடிதங்கள் இன்று கான்பெராவின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன; 2016-இல் அவற்றைக் கொண்டு ஒரு நாடகமே எழுதப்பட்டது. ஒரு தேசம் ஒரு தாயை எப்படி வைதது என்பதும், பின்னாளில் மன்னிப்புக் கேட்டு எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதும் அக்குவியலில் ஒருங்கே பதிந்திருக்கின்றன. இரக்கமுள்ள அதிகாரி யாரேனும் வசைகளைத் தீயிலிட்டிருந்தால், தமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குச் சாட்சியத்தை அந்தப் பெண்மணி இழந்திருப்பார்.

எஞ்சுவது மிகக் கடினமான ஒன்று. கொலையுண்ட பிள்ளையின் தாய், கொன்றவருக்கு எழுதும் கடிதத்தில் வசை இருக்காதா? இருக்கும்; இருப்பதும் இயற்கை. அதை அந்நியர் பொழுதுபோக்காக எழுதும் நிந்தையோடு ஒரே கட்டில் சேர்ப்பது அந்தத் தாய்க்குச் செய்யும் இரண்டாவது கொடுமையாகும். எனினும் அவருடைய கடிதத்தையும் சம்மதமின்றித் திணிக்க முடியாது. எழுதியவர் யார் என்பதைக் கைதிக்குத் தெரிவித்து, ஏற்கிறாரா என்று கேட்டு, ஏற்க மறுத்தால் அந்த மறுப்பைத் தாய்க்கும் அறிவிப்பதே இருவருக்கும் மரியாதை செய்வதாகும். கனடாவின் ஒன்டேரியோ மாகாணத்தில் எல்மைரா என்னும் ஊரில், பல வீடுகளைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை அவ்வீட்டாரிடமே நேரில் அழைத்துச் சென்ற 1974-ஆம் ஆண்டு முயற்சியைத் தொடர்ந்து, பாதிக்கப்பட்டவரும் குற்றம் செய்தவரும் சம்மதித்து நடுவர் முன்னிலையில் சந்திக்கும் ஏற்பாடு பல தேசங்களில் வேரூன்றியிருக்கிறது. அந்தத் தாய் சொல்ல விரும்புவதையெல்லாம், வசை உட்பட, அங்கே முகத்துக்கு நேராகச் சொல்லலாம். கேட்பவர் பதில் சொல்லவும் கடமைப்படுவார்.