ஐந்தாவது காரணம்

ஃபுளோரிடாவின் தென்கோடியில் கடலுக்குள் நீளும் கீஸ் தீவுகளில் ஐலமொராடா என்றொரு ஊர். போன்ஃபிஷ் என்னும் வெள்ளி நிற மீனை ஃபிளை ஃபிஷிங் முறையில் பிடிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, கைடிடம் நாள் குறித்து, விமானம் ஏறி வந்து இறங்கினால், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் அங்கே இது வாடிக்கை. காற்று முதலில் தெற்கிலிருந்து, பிறகு தென்மேற்கிலிருந்து என்று திரும்பி, மழையைக் கொட்டிவிட்டு வடமேற்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். கைடு வானத்தைப் பார்த்து, “இன்றைக்கு வேண்டாம்” என்பார்.

இது கண்ணால் பிடிக்கும் மீன். முழங்கால் ஆழத் தண்ணீரில் கைடு நீண்ட கழியை ஊன்றிப் படகைச் சத்தமில்லாமல் நகர்த்துவார். முன்னால் நிற்பவர் நீருக்குள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போன்ஃபிஷின் செதில்கள் அடித்தரையின் நிறத்தையே திருப்பிக் காட்டும். அதனால் பழகியவர்கள் மீனைத் தேடுவதில்லை. மணலில் நகரும் அதன் நிழலைத் தேடுகிறார்கள். நிழலுக்கு வெயில் வேண்டும். மேகம் மூடிவிட்டால் நீர்ப்பரப்பு ஈயத் தகடாகிவிடும். காற்று அடித்தால் அடிச்சேறு கலங்கும். இறகும் நூலும் சுற்றிக் கட்டிய ‘ஃபிளை’ என்னும் சின்னஞ்சிறு இரையை நினைத்த இடத்தில் வீசவும் முடியாது. தண்ணீர் குளிர்ந்தால் மீனே ஆழத்துக்குப் போய்விடும்.

வந்தவர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். கைக்கு ஓய்வில்லை. பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கொக்கியாக எடுத்து, முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்க்கிறார். கூராகத்தான் இருக்கிறது. மறுபடியும் பார்க்கிறார்.

கருவி கூராக இருந்தால் மட்டும் போதாது. ஒரு செயல் நடந்தேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது கீதையின் 18ஆம் அத்தியாயம். நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். முதல் நான்கை நாம் காசு கொடுத்தோ பழகியோ ஓரளவு சேர்த்துக்கொள்கிறோம். ஐந்தாவதை வரவில் எழுதுவதே இல்லை. நிழல் தெளிவாக விழுந்த நாளிலும் அது உடனிருந்தது. அன்று “நான் பிடித்தேன்” என்றோம். மழை கொட்டும் நாளில் மட்டும் “விதி” என்கிறோம். கிடைத்தால் நான், கிடைக்காவிட்டால் விதி. இந்தக் கணக்கு நேர்மையானதல்ல. தன்னை மட்டுமே கர்த்தாவாக நினைப்பவனுக்குப் பார்வை சரியில்லை என்று அதே அத்தியாயம் அடுத்தாற்போலச் சொல்லிவிடுகிறது.

அதற்காக, என்னைப் பக்குவப்படுத்தத்தான் இந்த மழை வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே ஐலமொராடாவில் சாலையோரம் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. காற்றில் வளையும் தென்னைகளையும் எழும் அலைகளையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 1935 செப்டம்பர் 2 இரவு கரையைக் கடந்த சூறாவளியில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பி, அங்கே சாலை வேலைக்கு வந்திருந்தவர்கள் அவர்களில் ஏராளம். மீட்கப் போன ரயிலின் பெட்டிகளையும் கடல் புரட்டிப் போட்டது. யாரைப் பக்குவப்படுத்த அந்தக் காற்று வந்தது? நம் விடுமுறை கெட்டதைத் தெய்வம் நமக்கென்று எடுத்த பாடமாக்கிக்கொள்வதும் ‘நான்’ போடும் இன்னொரு வேடம்தான். மழை மழையாகப் பெய்கிறது. அதை அப்படியே இருக்க விட்டாலே மனசு பாதி அடங்கிவிடும்.

மீதியை அடக்க அந்த ஊர்ச் சட்டமே உதவும். 2013 முதல் ஃபுளோரிடாவில் போன்ஃபிஷைப் பிடித்தால் உயிரோடு திரும்ப விட்டாக வேண்டும். அறையில் உட்கார்ந்திருப்பவர் நல்ல வெயிலில் போயிருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார். அப்படியானால் இந்த மழை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன? மீனை அல்ல. பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் அந்த ஒரு சொல்லை. அது போனதற்கா இத்தனை வருத்தம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ள, நாள் முழுக்க நேரம் இருக்கிறது.

கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். “இன்றைக்கு வேண்டாம்” என்று கைடு சொன்னால், சும்மா ஒரு சுற்றுப் போய் வரலாமே என்று அவரை நெருக்காதீர்கள். அவருக்கும் அந்த நாளின் வருமானம் இல்லாமல்தான் போகிறது. அது தெரிந்துதான் சொல்கிறார்.