தாய் தொழும் தெய்வமும் மகன் கொண்ட சரணமும்

2025-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் சித்திரைப் பௌர்ணமியும், பகவன் புத்தரின் திருநாளாகிய வைசாக பூர்ணிமையும் ஒருங்கே வந்தன. சில ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒரு மாத இடைவெளியில் வருதலும், சில ஆண்டுகளில் ஒரே நாளில் கூடுதலும் பஞ்சாங்கக் கணக்கில் நேர்வனவே. எனினும் அவ்வாண்டு அக்கூட்டு ஓர் இல்லத்தில் பெருஞ்சிக்கலை விளைத்தது.

அத்திருநாளுக்கு இரண்டு வாரம் முன்னர், தம்மம் பேசும்பொருட்டுப் போடிமெட்டுக்குச் சென்றிருந்தோம். போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கடந்தால் அவ்வூர்; அதற்கப்பால் கேரள நாடு. நாள்தோறும் விடியற்காலையில் நம் பெண்டிரும் ஆடவரும் ஜீப்புகளில் நெருக்குண்டு அவ்வழியே ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வர். பேச்சு முடிந்து பஞ்சசீலமும் சொல்லியான பின்பு, மூன்றாண்டுகட்கு முன் சரணம் புகுந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். “ஐயா, என் தாயார் சரணம் பெறாதவர். மங்கலதேவி மலைக்குத் தம்மை அழைத்துப் போகச் சொல்கிறார். முழங்கால் வலியால் தனியே ஏற இயலாது. அன்று நம் திருநாளும் ஆயிற்றே, யான் என் செய்வது?” என்றார்.

மங்கலதேவி மலையென்பது குமுளிக்கு அருகே, பெரியாறு புலிகள் காப்பகத்தினுள், இரு மாநில எல்லையில் கண்ணகி கோயில் அமைந்த குன்று. ஆண்டிற்கு ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டுமே மக்கள் அங்கே செல்ல இசைவுண்டு. குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியங்குடியிலிருந்து காட்டுவழியே கால்நடையாகவும் ஏறுவர். அந்நாள் தவறின் மறு ஆண்டுதான். முதுமையடைந்த ஒரு தாய்க்கு மறு ஆண்டு என்பது உறுதியான சொல் அன்று.

இளைஞர் வாய் மூடுமுன்னரே கூட்டத்தில் ஒருவர், “1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் கூறிய இருபத்திரண்டு உறுதிமொழிகளை மறந்தீரோ? தேவதைகளை வணங்கேன் என்றல்லவா உரைத்தோம்?” என்றார். அவர் சினந்ததில் பிழையில்லை. ஆனால் அவர் குரலில் யாம் எம் பழைய குரலையே கேட்டோம்.

யாம் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் எந்திரத்தின் முன் நின்றவர். இரவுமுறை முடித்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிமேகலையைத் தட்டுத்தடுமாறிப் பயின்றோம். சரணம் பெற்ற மறு ஆண்டு எம் அன்னையார் இதே மலைக்குத் துணைவரக் கேட்டார். “கல்லைக் கும்பிடப் போகிறவர்களோடு எனக்கென்ன வேலை?” என்று கூவினோம். எந்திர இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல் வீட்டிலும் தாழவில்லை. அன்னையார் மறுமொழி கூறாது அண்டை வீட்டாரோடு சென்று வந்தார். அதன்பின் நான்காண்டுகள் வாழ்ந்தார். எம்மிடம் எதையும் கேட்கவில்லை. மருந்து வாங்கித் தரும்படிகூடக் கேட்கவில்லை. யாம் அதை எம் கொள்கைக்குக் கிடைத்த வெற்றியென்று சில காலம் எண்ணியிருந்தோம் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

இதில் வியப்பு யாதெனின், அப்பொழுது எம் கையிலிருந்த நூலிலேயே விடை இருந்தது. சமயவாதிகளின் கூற்றைக் கேட்க வஞ்சிமாநகர் புகுந்த மணிமேகலை முதலில் எங்கே செல்கிறாள்? கண்ணகி கோட்டத்திற்கு. அவள் மாதவி வயிற்றில் பிறந்தவளாயினும், தந்தையின் மனைவியைத் தாயென்றே கொண்டு, படிமத்தின் முன் நின்று கண்ணீர் விடுகிறாள். பௌத்த நூல் அவளைத் தடுக்கவில்லை. தடுக்காததோடு வாளாவும் இருக்கவில்லை. கணவனை இழந்தபோது மதுரையை எரித்தது ஏன் என்று மகள் வினவுகிறாள். முற்பிறப்பின் வினையை மதுராபதித் தெய்வம் எடுத்துரைத்தும் தன் சினம் தணியவில்லை என்றும், வானுலக இன்பம் முடிந்தபின் அவ்வினையின் பயனைத் தானும் நுகர்ந்தே ஆகவேண்டும் என்றும், பின்னொரு காலத்தில் புத்தர் தோன்றி அறம் உரைக்கக் கேட்டே பிறப்பறுப்பேன் என்றும் கண்ணகி தன் வாயாலேயே கூறுகிறாள். தெய்வமாக நிற்பவளே தானும் வினைக்கு உட்பட்டவள் என்கிறாள்! இதனினும் துணிந்த சமய விமரிசனத்தை யாம் அறியோம். ஆயினும் அது தாயின் முன் நின்ற மகளுக்குத் தாய் சொல்லும் சொல்லாக வருகிறது, ஏளனமாக வரவில்லை.

(மதுரை எரிந்தபோது தீ யாரை விலக்கியது என்று சிலப்பதிகாரம் தரும் பட்டியலில் முதலிடம் பார்ப்பாருக்கு. உழைத்துக் கருத்த கைகளை அப்பட்டியலில் தேடினால் கிடையாது. நம் அன்பர்கள் இதைச் சுட்டுவர், சுட்டுதல் தகும்.)

திரிபிடகத்திலும் இதற்கு ஒளி உண்டு. சிங்காலன் என்னும் இளைஞன் காலைதோறும் நனைந்த ஆடையோடு ஆறு திசைகளையும் தொழுதுவந்தான். இறக்கும் தறுவாயில் தந்தை இட்ட கட்டளை அது. பகவர் அவனை நோக்கி, உன் தந்தை அறிவிலி என்றாரில்லை. கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளர், மேல்திசை துறவோர் எனத் திசைகளுக்குப் புதுப்பொருள் தந்தார். திசையைக் கும்பிடும் சடங்கு கழன்று, உறவுக்குரிய கடமை எஞ்சிற்று. நிகண்டரின் அடியாராக இருந்த உபாலி பகவரைச் சரணடைந்தபோதும், உன் இல்லம் நெடுநாள் நிகண்டருக்கு நீர்த்துறைபோல் இருந்தது, அவர்க்கு இடும் சோற்றை நிறுத்திவிடாதே என்றே பகவர் அறிவுறுத்தினார்.

சிலர் வேறொரு சுருக்குவழி காட்டுவர். அயோத்திதாசப் பண்டிதர் நம் பண்டிகைகள் பலவற்றிற்குப் பௌத்த மூலம் கண்டு எழுதினார். இலங்கையில் சிங்களப் பௌத்தர் கண்ணகியைப் பத்தினித் தெய்வமெனப் போற்றுவர், கண்டியில் அவளுக்குத் தேவாலயமும் உண்டு. ஆதலின் தயங்காது சென்று வணங்கலாம் என்பர். எமக்கு இது உடன்பாடன்று. அத்தாய் மலை ஏறுவது பௌத்த மூலத்தை நாடியன்று. தம் நெஞ்சில் குடியிருப்பவளைக் காண ஏறுகிறார். அவர் நம்புவதை நாம் நம்புவதுபோல் நடிப்பது நான்காம் சீலத்திற்கு மாறு.

ஆகவே இளைஞருக்கு யாம் கூறியது இது: “தாயோடு செல்லுக. கைப்பிடித்து ஏற்றுக, தண்ணீரும் சுமக்க. சந்நிதியில் கைகூப்ப மனம் ஒவ்வாதாயின் கூப்பற்க. ஏன் என்று தாயார் கேட்பின் மெய்யே சொல்லுக. முன்கூட்டியே சொல்லிவிடுதல் இன்னும் நன்று.”

கூட்டத்தில் இதற்கு எழுந்த மறுப்பு எளியதன்று. “திருவிதாங்கூரில் 1936 அறிக்கை வரும்வரை, மதுரை மீனாட்சி கோயிலில் 1939 நுழைவு நிகழும்வரை, எம் பாட்டன்மார் வாயிலுக்கு வெளியே நின்றனர். இன்றும் ஊர்க் கோயில்கள் சிலவற்றில் நமக்கு நேர்வது என்னவென்று உமக்குத் தெரியும். வெளியேறிய வாயிலுக்குள் இவன் மீண்டும் நுழைவதைக் கண்டால் ஊரார் நகையாரோ? பின்னே வருவோர் தளராரோ?” என்று ஓர் அம்மையார் கேட்டார். நகைப்பர்; சிலர் தளரவும் கூடும். அவ்விழப்பை யாம் சிறிதென்று சொல்லோம். உறுதிமொழிகள் வெறுஞ்சொற்கள் அல்ல. இழிவிலிருந்து எழுந்து வந்தவர் தம்மைக் காத்துக்கொள்ளக் கட்டிய கரை அவை. ஆனால் அக்கரை வணங்குதலைத் தடுப்பதற்கு எழுந்தது. நடக்க இயலாத முதியவளுக்குத் தோள் கொடுப்பதைத் தடுப்பதற்கன்று. மகன் கைகூப்பாமல் அங்கே நிற்பதை ஊரார் காண்பாராயின் அதுவும் ஒரு சாட்சிதான். அம்மையார் இதை முழுதும் ஏற்றாரில்லை. யாமும் அவரை வென்றுவிட்டதாக எண்ணவில்லை.

திருநாள் மாலை போடிமெட்டில் விளக்கேற்றினோம். நெடுங்கண்டம், பூப்பாறை வழியாக இளைஞரும் தாயாரும் வந்து சேர இரவு எட்டு மணி ஆயிற்று. தாயார் பின்வரிசையில் சுவரோரம் காலை நீட்டி அமர்ந்து உரையைக் கேட்டார். பஞ்சசீலம் சொல்லும்போது அவர் வாய் திறக்கவில்லை. யாரும் அவரைச் சொல்லுமாறு ஏவவுமில்லை. முடிவில், மலையிலிருந்து கொணர்ந்த பொங்கலை வாழையிலையோடு பிரித்து, வரிசையாக ஒவ்வொருவர் முன்னும் நீட்டினார். பாட்டன்மார்க்கு எட்ட நின்று எறியப்பட்ட பிரசாதம் சிலர் நினைவுக்கு வந்திருக்கும். யாம் ஒரு பிடி வாங்கி உண்டோம். எமக்கு அடுத்து அமர்ந்திருந்த முதிய உபாசகர் வேண்டாமெனத் தலையசைத்தார். “சரி ஐயா” என்று அத்தாய் அடுத்தவரிடம் சென்றார்.