நடுகல் எவருடையது?

திருவண்ணாமலைக்கு வருவோரின் கண்கள் முதலில் மலையையும், பின்னர் விண்ணோங்கி நிற்கும் கோபுரங்களையும் நாடுகின்றன. கோயிற் சுவர்களில் மன்னர்களின் கொடைகள் கல்வெட்டுகளாய் நிலைத்துள்ளன. ஆனால் மேற்கே செங்கம் வட்டாரத்தில் வேறொரு வகைக் கற்கள் உண்டு. ஆநிரை மீட்கும் பூசலில் மாண்டவர்களின் நினைவாக எடுக்கப்பட்ட நடுகற்கள் அவை. அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லொன்று, மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது.

இத்தகைய கல் இருக்க வேண்டிய இடம் எது? நட்ட வயல்வெளியா, அருங்காட்சியகமா?

அருங்காட்சியகம் என்னும் அமைப்பு, அரண்மனைச் செல்வம் பொதுமக்களின் உடைமையென அறிவிக்கப்பட்ட காலத்தில் வலுப்பெற்றது. பாரிசின் லூவர் அரண்மனை 1793இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. வேலூரில் மாவட்ட அருங்காட்சியகம் 1985இல் அமைந்தபோது, திருவண்ணாமலை வடஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. 1989இல்தான் தனி மாவட்டமாயிற்று. தலைநகரின் பெரிய கூடம் அரியவற்றைத் திரட்டுகிறது. மாவட்டத்தின் சிறு கூடத்திற்கோ வேறொரு பணி உண்டு: தன் மண்ணில் வாழ்ந்த எளியோரை அவர்தம் வழித்தோன்றல்களுக்கு அறிமுகம் செய்வதே அது.

வயலில் விடப்பட்ட கல் மழையில் தேயும். துணி துவைக்கும் கல்லாகவோ வாய்க்காற் பலகையாகவோ மாறும். கூடத்திற்குக் கொண்டு சென்றாலோ, விளக்கேற்றி வணங்கப்பட்டது வரிசை எண் தாங்கிய காட்சிப்பொருளாகிவிடும். முன்னதில் கல் அழிகிறது; பின்னதில் உறவு அறுகிறது. இரண்டும் இழப்பே அன்றோ?

நடுகல்லின் மீது மூவர்க்கு உரிமை உண்டு. மறக்கப்படாதிருக்கும் உரிமை மாண்டவனுக்கு. நினைவைப் பேணும் உரிமை ஊருக்கு. அறிந்துகொள்ளும் உரிமை பிறக்கப்போகும் தலைமுறைக்கு. ஆகவே, எந்தக் கல்லின் முன் இன்றும் விளக்கு எரிகிறதோ, அது அங்கேயே நிற்கட்டும்; அதற்குக் கூரையும் காவலும் தருவதே அரசின் கடமை. ஊரே மறந்து கைவிட்ட கல்லைக் கூடம் ஏற்கட்டும். ஏற்கும்போது ஊரின் பெயரையும் கல்லில் உள்ள பெயரையும் அது எவரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். கல்லின் படியெடுப்பும் அதன் பொருளும் அவ்வூர்ப் பள்ளிக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். பொருளைக் காப்பது பாதிக் கடமையே. அது சுட்டும் மனிதரைக் காப்பது மறுபாதி.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நமக்கு இக்கடமை புதிதன்று. நம் உறவினர்க்காக மட்டுமன்றி, நினைப்பார் எவருமற்ற ஆன்மாக்களுக்காகவும் அன்று மன்றாடுகிறோம். வழித்தோன்றல் இல்லாதோரையும் நினைப்பதற்கு ஒரு சமூகம் எழுப்பும் இல்லமே அருங்காட்சியகம். விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அரசரின் வாளைக் காட்டுவதோடு நில்லாமல், நடுகல்லில் உள்ள பெயரையும் அவர்கள் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள்.