நம்பி உரைத்த சொல்

உடலால் மட்டுமன்றிச் சொல்லாலும் உயிர்க்கு ஊறு நேரும் என்பது அருகநெறியின் துணிபு. ஆதலின், வளரிளம் பருவத்துப் பிள்ளைகளோடு நாம் உரையாடும் முறையும் அறத்தின்பாற்பட்டதே ஆகும்.

1997இல் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டம், மேல்நிலைக் கல்வி அளிக்கும் விடுதிப் பள்ளிகளால் பெயர் பெற்றது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் வெளியூர்ப் பிள்ளைகள் பலர் பெற்றோரைப் பிரிந்து தங்கிப் பயில்கின்றனர். பொதுத்தேர்வில் மாநிலத் தரவரிசை வெளியிடும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்திவிட்டது. எனினும், பிள்ளையைக் காணச் செல்லும்போது மதிப்பெண்ணையே நாம் முதலில் வினவுகிறோம். அவனது அச்சமும், நட்பில் நேர்ந்த பிணக்கும், மனத்துள் முளைத்த புதிய விருப்பும் கேட்பாரின்றி நிற்கின்றன.

"என் மகன் அதிகம் பேசமாட்டான், அடக்கமானவன்" என்று நாம் பெருமை கொள்வதுண்டு. மூன்று குப்திகளுள் ஒன்றாகிய வசன குப்தி, தானே விரும்பி மேற்கொள்ளும் சொல்லடக்கமாகும். அச்சத்தால் வாய்மூடி இருப்பது குப்தி ஆகாது.

அம்மௌனத்திற்கு நாமே காரணமாவதும் உண்டு. பிள்ளை நம்பிக் கூறிய செய்தி, மறுநாள் உறவினர் நடுவே நகைப்புக்கு இடமாகிறது. அதன்பின் அவன் எங்ஙனம் மனந்திறப்பான்?

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், வாய்மை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை உரைக்கிறது. தவறான உபதேசம், பொய்ப்பத்திரம் எழுதுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல் ஆகியவற்றோடு, பிறரது மறைவான செயலை வெளிப்படுத்தலும், உள்ளக் கருத்தை அறிந்து புறத்தே பரப்புதலும் அவற்றுள் அடங்கும். கூறியது உண்மையே ஆயினும் விரதம் பழுதுறும் என்பது இதனால் பெறப்படும். பிறர் ஒப்படைத்த பணத்தைத் தொட அஞ்சும் நாம், பிள்ளை ஒப்படைத்த சொல்லையும் அவ்வாறே காத்தல் வேண்டும். தோழனின் அந்தரங்கத்தைக் கைபேசிக் குழுக்களில் பரப்பும் இளைஞர்க்கும் இவ்விதி பொருந்தும்.

அப்படியாயின், பிள்ளை தன்னை மாய்த்துக்கொள்ள எண்ணினாலும், பிறரால் துன்புறுத்தப்பட்டாலும் அதனையும் மறைத்தல் தகுமோ? தகாது. கொல்லாமையே தலையாய விரதம்; ஏனைய விரதங்கள் அதற்கு வேலியாவன. அந்நிலையில், "உன்னைக் காக்கவே இதனைச் சொல்கிறேன்" என்று பிள்ளையிடம் முன்னரே கூறி, உதவ வல்லார்க்கு மட்டும் உரைத்தல் வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் மனநல உதவி எண்ணும், சிறார்க்கான 1098 என்னும் எண்ணும் இதற்கெனவே உள்ளன.

பொருளின் பல பக்கங்களையும் நோக்குக என்பது அநேகாந்தம். அதனை மேடையில் விரித்துரைக்கும் நாம், இல்லத்தில் பதினாறு வயதுப் பிள்ளை பேசி முடிக்கும்வரை இடைமறியாது கேட்போமாக. கேட்டதை நெஞ்சுக்குள் காப்போமாக. அப்பொழுது அவன் மீண்டும் நம்மிடமே வருவான்.